பெயரன் எழுதியது, பாட்டன் பெயரில் அச்சேறியது

வெனிஸ் நகரில் 1494-95 வாக்கில் ஒரு சின்னப் புத்தகம் வெளிவந்தது. உள்ளே இருந்தது ஒரே ஒரு கிரேக்கக் கவிதை, மொத்தம் 343 அடி. உட்கார்ந்த இடத்திலேயே படித்து முடித்துவிடலாம். அச்சிட்டவர் ஆல்டுஸ் மனூட்டியுஸ். கையெழுத்துப் பிரதிகளில் கிடந்த கிரேக்க நூல்களையெல்லாம் அச்சுக்குக் கொண்டுவந்தே தீருவது என்று கங்கணம் கட்டிக்கொண்டு தொழிலுக்கு வந்தவர். அரிஸ்டாட்டிலின் பெருந்தொகுதி 1495இல் அவரிடமிருந்து வெளிவரத் தொடங்கியது. அந்த மாதிரிப் பெரிய காரியத்துக்கு முன்னால் கடவுள் வாழ்த்துப் போல ஒன்று வேண்டாமா? எல்லாரிலும் பழைய கவிஞரான மூசையோஸை அரிஸ்டாட்டிலுக்கும் மற்ற அறிஞர்களுக்கும் முன்னால் நிறுத்த விரும்பினேன் என்று முன்னுரையில் சொல்கிறார். கையோடு இன்னொன்றும் சொல்கிறார்: புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் இனாமாக அல்ல, காசு கொடுங்கள், கொடுத்தால்தான் மற்ற நல்ல நூல்களையும் உங்களுக்குக் கொண்டுவர முடியும். ஐந்நூறு வருஷத்தில் பதிப்பாளர் குரல் பெரிதாக மாறிவிடவில்லை.

பணவிஷயத்தில் ஆல்டுஸ் தெளிவாக இருந்தார். ஆளைத்தான் மாற்றிப் பிடித்துவிட்டார். அவர் மனத்தில் இருந்த மூசையோஸ், ஆர்ஃபியுஸ் என்ற புராணப் பாடகரின் சீடர், ட்ரோய் போருக்கும் ஹோமருக்கும் முந்தியவர் என்று ஐதீகம் சொல்லும் பாடகர். அச்சேறிய கவிதையை எழுதிய மூசையோஸோ கி.பி. 5ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி ஆசாமி. கிறிஸ்தவம் அரச மதமாகி, பழைய கோயில்களின் கதவுகள் சாத்தப்பட்ட பிறகு எழுதியவர். இருவருக்கும் இடையே ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கு மேல் இடைவெளி. பொதுவாக இருந்தது பெயர் மட்டும்தான்.

பெயர்க்குழப்பம் எல்லா மொழியிலும் நடப்பதுதான். இந்த ஒரு வழக்கை எடுத்துக்கொண்டு உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு. ஏமாந்தவர்களில் ஒருவர், ஐரோப்பாவிலேயே கூர்மையான வாசகர்களில் ஒருவர். உண்மையைக் காட்டும் துப்பு அவர் கையிலேயே இருந்தது. அதை அவர் கவனிக்கவும் செய்தார், எழுதியும் வைத்தார். ஆனால் தலைகீழாகப் பிடித்துப் படித்தார்.

மூசாக்களுக்கு உரியவன்

மூசையோஸ் என்றால் மூசாக்களுக்கு உரியவன். மூசாக்கள் கிரேக்கரின் கலைத் தெய்வங்கள், ஒன்பது பேர். மியூசியம் என்ற சொல்லும் அவர்கள் பெயரிலிருந்து வந்ததே. நம் வழக்கில் சொன்னால் ‘கலைமகள் அடியான்’ என்பது போன்ற பெயர். பாட்டுப் பாடும் எவனுக்கும் பொருந்தும். இப்படிப்பட்ட பெயருக்குப் பின்னால் ஒரு ஆள் நிச்சயமாக இருந்தான் என்று சொல்ல முடியாது. பெயர் முதலில் பிறந்து ஆள் பிறகு வந்து சேர்ந்திருக்கவும் கூடும்.

பழைய மூசையோஸின் குடும்ப விவரங்களைப் பார்த்தாலே இது புலப்படும். தாய் சந்திரத் தெய்வம் செலேனே என்றார்கள். தகப்பன் யார் என்பதில் ஆளுக்கொரு பெயர். எலூசிஸ் தலத்தின் ரகசியச் சடங்குகளோடு தொடர்புடைய யூமோல்போஸ் ஒரு நூலில் இவருடைய மகன்; இன்னொரு நூலில் அதே யூமோல்போஸ் இவருடைய அப்பன். ஆர்ஃபியுஸுக்கு இவர் சீடர் என்பார்கள். சிலர் மகன் என்றார்கள். கி.மு. 2ஆம் நூற்றாண்டில் அர்தபானோஸ் என்ற யூத எழுத்தாளர் ஒரு படி மேலே போய், கிரேக்கர் மூசையோஸ் என்பது எங்கள் மோசேயைத்தான், ஆர்ஃபியுஸுக்கே பாடம் சொன்னவர் அவர்தான் என்று எழுதிவிட்டார். ஒலி ஒத்துப்போனால் போதும், உறவு கொண்டாட ஆள் வந்துவிடுவார்கள்.

ஏதென்ஸ்காரர்களுக்கு இவர் வீட்டுப் பிள்ளை மாதிரி. பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தில் கி.மு. 5ஆம் நூற்றாண்டுக் கிண்ணம் ஒன்று இருக்கிறது. அதன் உட்புறத்தில் லினோஸ் என்னும் வாத்தியார் சுருளேட்டை விரித்துப் பிடித்திருக்கிறார். எதிரே எழுதுபலகையோடு மாணவன் மூசையோஸ். தெய்வப் பாடகன் என்று ஊரே கொண்டாடியவனைப் பள்ளிக்கூடப் பையனாக வரைந்திருக்கிறான் அந்த ஓவியன். நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் உள்ள இன்னொரு கலத்தில் (கி.மு. 410 வாக்கு) பையன் வளர்ந்துவிட்டான்: கையில் யாழ், உடம்பில் திரேஸ் நாட்டு உடை, பக்கத்தில் மனைவி, குழந்தை யூமோல்போஸ், சுற்றிலும் மூசாக்கள். அந்தக் கலத்தை வரைந்தவரைப் பொறுத்தமட்டில் யூமோல்போஸ் மகன்தான், சந்தேகமில்லை.

அரிஸ்டோஃபனீஸ் தன் ‘தவளைகள்’ நாடகத்தில் (கி.மு. 405) கவிஞர்களால் உலகுக்கு என்ன பிரயோஜனம் என்று பட்டியல் போடும்போது, நோய் தீர்க்கும் முறைகளையும் அருள்வாக்குகளையும் தந்தவர் மூசையோஸ் என்கிறார். பிளேட்டோ இவ்வளவு மரியாதை காட்டவில்லை. ‘குடியரசு’ நூலில், மூசையோஸ் பெயரிலும் ஆர்ஃபியுஸ் பெயரிலும் கட்டுக்கட்டாகப் புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு பணக்காரர் வாசலில் நின்று பரிகாரம் விற்பவர்களைக் கிண்டல் செய்கிறார். நல்லவர்களுக்கு மறுமையில் முடிவில்லாக் குடிவிருந்து உண்டு என்று மூசையோஸ் சொல்வதாகச் சொல்லி, புண்ணியத்துக்குக் கிடைக்கும் உச்சப் பரிசு நிரந்தர போதைதான் போலிருக்கிறது என்று குத்துகிறார். ஆனால் ‘சாக்ரடீஸின் தன்வாதம்’ நூலில், செத்தபின் ஆர்ஃபியுஸையும் மூசையோஸையும் ஹெசியோடையும் ஹோமரையும் சந்திக்க முடியுமென்றால் அதற்கு என்ன விலையும் கொடுக்கலாம் என்று சாக்ரடீஸ் பேசுகிறார். அந்த வரிசைதான் பின்னால் வினையாகிறது. ஹோமருக்கு முன்னே மூசையோஸ்.

10ஆம் நூற்றாண்டில் பைசாந்தியத்தில் தொகுக்கப்பட்ட ‘சூடா’ என்ற பேரகராதி மூன்று மூசையோஸ்களைத் தனித்தனியாகப் பதிவு செய்கிறது. எலூசிஸ்காரர், மகனுக்கு 4,000 அடியில் அறிவுரை எழுதியவராம். தீப்ஸ்காரர், இசைப்பாடல் புலவர், இவரும் ட்ரோய் போருக்கு முந்தியவராம். மூன்றாமவர் எஃபெசோஸ்காரர், பெர்கமோன் அரசர்களான யூமெனீஸ், அட்டாலோஸ் காலத்தவர், பெர்சியுஸ் பற்றிப் பத்துக் காண்டத்தில் காப்பியம் பாடியவர். இவர் ஒருவர்தான் மனிதர் மாதிரித் தெரிகிறார். மூவரின் நூல்களிலும் முழுதாக எதுவும் நமக்கு வந்து சேரவில்லை. முழுதாக வந்து சேர்ந்த 343 அடியை எழுதிய நான்காவது மூசையோஸை அகராதி குறிப்பிடவே இல்லை.

முதல் கைவரிசை

ஆல்டுஸ் செய்தது பிழை. அவருக்கு இரண்டாயிரம் வருஷத்துக்கு முன் இதே பெயரில் நடந்தது மோசடி. கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோடஸ் தன் ஏழாம் நூலில் சொல்கிறார்.

கி.மு. 6ஆம் நூற்றாண்டு ஏதென்ஸ். ஏதென்ஸை ஆண்ட பெய்சிஸ்ட்ராடோஸின் மகன் ஹிப்பார்கோஸ் செல்வாக்கோடு இருந்த காலம். மூசையோஸின் அருள்வாக்குகளைத் தொகுத்து ஒழுங்குபடுத்தும் வேலை ஓனோமாக்ரிடோஸ் என்பவரிடம் இருந்தது. லெம்னோஸ் அருகே உள்ள தீவுகள் கடலுக்குள் மறையும் என்று ஒரு வாக்கைத் தானே எழுதி நடுவில் சொருகினார். ஹெர்மியோனே ஊர்க் கவிஞர் லாசோஸ் அதைக் கையும் களவுமாகப் பிடித்தார். ஹிப்பார்கோஸ் ஓனோமாக்ரிடோஸை ஊரைவிட்டே துரத்தினார்.

இடைச்செருகலைப் பிடித்தவர் பூசாரியோ காவலரோ அல்ல, இன்னொரு கவிஞர் என்பதைக் கவனியுங்கள். எந்த வரி எவன் கைச்சரக்கு என்பது தொழில் தெரிந்தவன் காதுக்குத்தான் முதலில் கேட்கும்.

துரத்தப்பட்ட ஆள் சும்மா இருக்கவில்லை. பெய்சிஸ்ட்ராடோஸின் குடும்பமும் பின்னால் ஏதென்ஸிலிருந்து விரட்டப்பட்டபோது, பழைய பகையை மறந்து அவர்களோடு சேர்ந்துகொண்டு பாரசீகப் பேரரசர் செர்க்செஸின் சூசா அரண்மனைக்குப் போனார். அங்கே அருள்வாக்குகளை எடுத்துவிட்டார். பாரசீகருக்குக் கெடுதல் என்று வருவதையெல்லாம் விழுங்கிவிட்டு, நல்லதாக வருவதை மட்டும் ஒப்பித்தார். ஹெலஸ்பான்ட் நீரிணையைப் பாரசீகன் ஒருவன் பாலத்தால் பூட்டுவான் என்பது அவற்றில் ஒன்று.

கி.மு. 480இல் செர்க்செஸ் அப்படியே செய்தான். பாலத்தின் ஆசியக் கரை முனை அபிடோஸ். ஐரோப்பியக் கரையில் அது போய்ச் சேர்ந்த இடம் செஸ்டோஸ் அருகே. முதல் பாலங்களைப் புயல் பிய்த்தெறிந்தது. அரசன் கடலுக்கு 300 சவுக்கடி கொடுக்கச் சொல்லி, ஒரு ஜோடி விலங்கையும் நீரில் போடச் சொன்னான் என்கிறார் ஹெரோடோடஸ். மறுமுறை ஒரு வரிசைக்கு 360, இன்னொன்றுக்கு 314 என்று கப்பல்களை அடுக்கிக் கட்டினார்கள்.

இந்தக் கதையை இவ்வளவு நேரம் சொன்னது காரணமாகத்தான். நான்காவது மூசையோஸின் கவிதை நடக்கும் இடமும் இதே செஸ்டோஸ், இதே அபிடோஸ், இதே நீர். ஒரு மூசையோஸ் பெயரால் பாலம் வந்தது. இன்னொருவர் கவிதையில் பாலமில்லாமல் ஒருவன் நீந்துகிறான். இரண்டுக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. தற்செயல்தான். ஆனால் இந்த மாதிரித் தற்செயல்கள்தான் பெயர்க்குழப்பத்துக்கு எண்ணெய் ஊற்றுகின்றன.

கி.பி. 2ஆம் நூற்றாண்டில் பயண நூல் எழுதிய பவுசானியாஸுக்கு இந்த விஷயமெல்லாம் அத்துப்படி. வடகாற்று மூசையோஸுக்குப் பறக்கும் வரம் கொடுத்தது என்று ஒரு கவிதையில் படித்தேன், அதை எழுதியது ஓனோமாக்ரிடோஸ் என்பது என் அபிப்பிராயம் என்கிறார். லைகோமிடே குலத்தாருக்காகச் செய்த, டிமீட்டர் தெய்வத்தின் துதி ஒன்றைத் தவிர, மூசையோஸுடையது என்று உறுதியாகச் சொல்ல வேறொன்றும் இல்லை என்றும் எழுதிவைத்திருக்கிறார். ஆல்டுஸ் காலத்தவர் இந்த ஒரு வரியை நிதானமாகப் படித்திருந்தால் போதும்.

கவிதை

கதை தெரிந்ததுதான். செஸ்டோஸில் கடலோரக் கோபுரம் ஒன்றில் காதல் தெய்வம் அஃப்ரோடைட்டியின் பூசாரிப் பெண் ஹேரோ. (இந்தப் பெயரை ஹீரோ என்று எழுதினால் நமக்குக் கதாநாயகன் நினைவு வந்து தொலைக்கும், அதனால் கிரேக்க ஒலிப்படி ஹேரோ.) எதிர்க்கரை அபிடோஸில் லியாண்டர். அடோனிஸ் திருவிழாவில் பார்க்கிறார்கள். அந்தி மங்கும் வேளையில் அவன் அவள் விரல்களைப் பற்றுகிறான். அவள் கோபம் போலக் கையை உதறுகிறாள். அவன் பேசிப் பேசி மடக்குகிறான். அவள் கோபுரத்தில் விளக்கேற்றி வைப்பது, அவன் அதைக் குறிவைத்து நீந்தி வருவது, விடிவதற்குள் திரும்பிவிடுவது என்று ஏற்பாடு. குளிர்காலம் வருகிறது. ஒரு புயல் இரவில் காற்று விளக்கை அணைத்துவிடுகிறது. லியாண்டரின் உயிரையும் காதலையும் அதோடு சேர்த்து அணைத்துவிடுகிறது என்று ஒரே வினையில் முடிக்கிறார் கவிஞர். காலையில் கோபுரத்தடியில் பாறையில் மோதிக் கிழிந்த உடலைப் பார்க்கிறாள் ஹேரோ. ஆடையைக் கிழித்துக்கொண்டு குதிக்கிறாள்.

ஆல்டுஸின் பதிப்பில் இதற்கு இரண்டு மரச்செதுக்குப் படங்கள் உண்டு. முதலாவதில் லியாண்டர் நீந்திக்கொண்டிருக்கிறான், கோபுரத்தில் அவள். இரண்டாவதில் அவன் பிணம், அவள் விழுந்துகொண்டிருக்கிறாள். கட்டங்கட்டமாகக் கதை சொல்லும் படக்கதை போல.

கவிதை எழுதப்பட்டிருக்கும் விதத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும். வழக்கின் தீர்ப்பு அங்கேதான் இருக்கிறது. முதலிரவை இப்படிச் சொல்கிறார்: கல்யாணம் உண்டு, கூத்து இல்லை, கட்டில் உண்டு, பாட்டு இல்லை. நீந்தும் லியாண்டரைச் சொல்லும்போது: துடுப்பு வலிப்பவன் தானே, உடன் வரும் படை தானே, தானாய் ஓடும் கலமும் தானே. கிரேக்கத்தில் இந்த அடி ‘தான்’ என்று பொருள்படும் சொல்லை மூன்று முறை அடுக்கிக்கொண்டு வருகிறது. கரையில் நின்று தயங்கும்போது அவன் தனக்கே சொல்லிக்கொள்வது: காதல் பயங்கரம், கடல் இரக்கமற்றது, ஆனாலும் கடல் வெறும் தண்ணீர், உள்ளே எரிவதோ காதலின் தீ.

அழகுதான், மறுப்பதற்கில்லை. அந்தத் ‘தானே’ அடியை மனத்துக்குள் பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஆனால் இது கூட்டத்துக்கு நடுவே நின்று கதை சொல்லும் ஆதிப் பாணனின் வாய் அல்ல. உட்கார்ந்து செதுக்கிய கை. வகுப்பறையில் அணியிலக்கணம் நடத்தியவனின் கை.

துப்புகள்

முதல் துப்பு தலைப்பிலேயே இருந்தது. கையெழுத்துப் பிரதிகள் சிலவற்றில் ஆசிரியர் பெயருக்குப் பக்கத்தில் ‘கிராமடிகோஸ்’ என்ற அடைமொழி இருக்கிறது. இலக்கண, இலக்கிய ஆசிரியர் என்று பொருள். தமிழ் வாத்தியாரைப் ‘புலவர்’ என்று நம் ஊர்ப்பக்கம் சொல்வதுபோல. புராணகாலப் பாடகனுக்கு வாத்தியார் பட்டம் ஏது? 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஐசக் கசோபன் என்ற கிரேக்க அறிஞர் இதைச் சுட்டிக்காட்டினார்.

இரண்டாவது, யாப்பு. ஹோமரின் அடியும் இந்த அடியும் ஆறு சீர் கொண்டவை. முதல் ஐந்து சீரில் ஒவ்வொன்றும் நெடில்-குறில்-குறில் என்றோ நெடில்-நெடில் என்றோ வரலாம். ஐந்து இடம், இடத்துக்கு இரண்டு வழி; ஆக 32 வாய்பாடு. ஹோமர் எல்லாவற்றையும் தாராளமாகப் புழங்குகிறார். கி.பி. 5ஆம் நூற்றாண்டில் எகிப்தின் பனோபோலிஸ் ஊரைச் சேர்ந்த நோன்னோஸ், டயோனைசஸ் தெய்வத்தைப் பற்றி 48 காண்டத்தில் ‘டயோனிசியாக்கா’ பாடினார். அவர் அந்த 32ஐ 9ஆக வெட்டினார். நெடில்-நெடில் சீர்களைக் குறைத்தார். அதற்குள் கிரேக்கப் பேச்சில் குறில் நெடில் வேறுபாடே மங்கிவிட்டிருந்தது. வாயில் மிஞ்சியிருந்தது அழுத்தம் மட்டும். அதனால் அடியின் கடைசிச் சொல்லில் அழுத்தம் ஈற்றயலசையில் விழ வேண்டும் என்பது அவர் பெரும்பாலும் காத்த ஒழுங்கு. ஹோமருக்கு இப்படியொரு கட்டுப்பாடே தெரியாது. அவர் காலத்து மொழிக்கு அது தேவைப்படவும் இல்லை. நம் 343 அடியும் நோன்னோஸ் போட்ட தண்டவாளத்தில்தான் ஓடுகிறது. சொற்களும் தொடர்களும்கூட அவரிடமிருந்து வந்தவை.

தமிழ் படித்தவர்களுக்கு இதைச் சட்டென்று சொல்லிவிடலாம். சங்கக் கபிலர் பாடியது என்று ஒருவர் கட்டளைக் கலித்துறையை நீட்டினால், பொருளைப் பார்க்கும் முன்பே தளை காட்டிக்கொடுத்துவிடும். பதினோராம் திருமுறையில் கபிலதேவ நாயனார், பரணதேவ நாயனார், நக்கீரதேவ நாயனார் என்று பெயர்கள் வரும்போது நாம் திணறுவதும் இங்கேதான். திருமுருகாற்றுப்படையும் கயிலைபாதி காளத்திபாதி அந்தாதியும் அங்கே நக்கீரதேவர் என்ற ஒரே பெயரின் கீழ் வைக்கப்பட்டிருக்கின்றன. ஔவைகளை எண்ணத் தொடங்கினால் பொழுது விடிந்துவிடும்.

மூன்றாவது துப்பு கொஞ்சம் மென்மையானது. லியாண்டர் ஹேரோவைப் புகழும் இடத்தில், உன்னைப் பெற்ற தந்தை பேறுபெற்றவன், தாய் பேறுபெற்றவள், உன்னை ஈன்ற வயிறு எல்லாவற்றிலும் பேறுபெற்றது என்கிறான். தந்தையும் தாயும் ஹோமரின் ‘ஒடிசி’ ஆறாம் காண்டத்திலிருந்து, நவ்சிக்காவிடம் ஒடீசியுஸ் பேசுவதிலிருந்து வருகிறார்கள். வயிறு? லூக்கா சுவிசேஷம் 11ஆம் அதிகாரத்தில் கூட்டத்திலிருந்து ஒரு பெண் இயேசுவைப் பார்த்து உரக்கச் சொல்வது அது. நோன்னோஸ் யோவான் சுவிசேஷத்தையும் இதே யாப்பில் பாடியவர் என்பதோடு சேர்த்துப் பார்த்தால், ஹோமரும் சுவிசேஷமும் ஒரே வாயில் புழங்கிய காலத்தில் இந்தக் கவிதை பிறந்தது என்பதற்கு இது தோதாக நிற்கிறது. தனியாக நின்றால் சாட்சி ஆகாது.

கவிதையின் காலத்துக்கு இந்தப் பக்கம் எல்லை நோன்னோஸ். அந்தப் பக்கம் எல்லை கொல்லூதோஸ். அனஸ்தாசியுஸ் பேரரசர் ஆட்சியில் (491-518) எழுதிய எகிப்தியக் கவிஞர், மூசையோஸின் சாயல் அவரிடம் இருக்கிறது. நடுவில் மாட்டிக்கொள்கிறது நம் கவிதை. காசா நகர நாவலர் புரோகோபியுஸ் இதே காலத்தில் எழுதிய கடிதங்களில் இரண்டு, மூசையோஸ் என்று ஒருவருக்குப் போயிருக்கின்றன. இவராக இருக்கலாம் என்று சொல்பவர்கள் உண்டு. ஆனால் பெயர் ஒன்றாக இருக்கிறது என்பதை வைத்து ஆளைப் பிடிப்பதில் என்ன ஆபத்து என்பதற்கே இத்தனை நேரம் பேசிக்கொண்டிருக்கிறோம்.

தகப்பனும் மகனும்

ஏமாந்த பெரிய வாசகர் என்று முதலில் சொன்னது ஜூலியஸ் சீசர் ஸ்காலிஜரை. இத்தாலியில் பிறந்து பிரான்ஸில் வாழ்ந்த மருத்துவர், மொழியறிஞர். அவருடைய கவிதையியல் நூல் அவர் இறந்தபின் 1561இல் வெளிவந்தது. ஐரோப்பா முழுக்க நெடுங்காலம் கவிதைக்குத் தீர்ப்புச் சொன்ன நூல். அதில் ஹோமரையும் மூசையோஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறார். மூசையோஸின் நடை ஹோமருடையதைவிட மெருகு ஏறியது, ஹோமர் எழுதியதை மூசையோஸ் எழுதியிருந்தால் எவ்வளவோ சிறப்பாக எழுதியிருப்பார் என்பது அவர் முடிவு.

பலர் இதைக் கேலிக்குரிய தீர்ப்பு என்று ஒதுக்கிவிடுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் கண் சரியாகத்தான் பார்த்தது. இந்த நடை மெருகேறியதுதான். கரடுமுரடு இல்லை, அடிக்கு அடி எடைபோட்டு வைத்திருக்கிறது. பிசகியது அடுத்த படியில். இவ்வளவு மெருகு எங்கிருந்து வந்தது என்று கேட்டிருந்தால், பல நூறு வருஷம் பலர் கைபட்டுத் தேய்ந்தபின் வந்தது என்ற பதில் கிடைத்திருக்கும். அவர் அதைக் கேட்கவில்லை. ஆசிரியர் யார் என்பது பெயரிலேயே முடிவாகிவிட்டது. பிறகு மெருகு என்பது ஆதிக்கவியின் மேன்மைக்குச் சான்றாக மட்டுமே தெரிந்தது. பிந்திய காலம் என்று கத்திக்கொண்டிருந்த அடையாளத்தை முந்திய காலத்தின் பெருமை என்று பதிவு செய்தார்.

அவருக்காக ஒரு வார்த்தை. ‘டயோனிசியாக்கா’ முதன்முதலில் அச்சானது 1569இல், ஆன்ட்வெர்ப் நகரில். பெரிய ஸ்காலிஜர் 1558இலேயே காலமாகிவிட்டார். பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டிய அந்த 48 காண்டம் அச்சில் அவர் கைக்கு எட்டவில்லை. சாயல் தெரிய வேண்டுமென்றால் இன்னொரு முகமும் கண்முன் இருக்க வேண்டுமல்லவா.

அவர் மகன் ஜோசப் ஸ்காலிஜருக்கு அந்த வாய்ப்பு இருந்தது. தகப்பனாரைக் கொண்டாடியவர், குடும்பப் பெருமைக்காக ஊரெல்லாம் சண்டை போட்டவர். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இளம் அறிஞர் சல்மாசியுஸுக்கு எழுதிய கடிதத்தில் நோன்னோஸைப் பற்றிப் பேசும்போது மூசையோஸையும் அதே வகையில் சேர்க்கிறார். இந்த விஷயத்தில் என் அருமைத் தந்தையாரின் தீர்ப்பை நான் ஏற்கவில்லை, அந்தச் சாதுரியங்களும் மேடைப்பேச்சுப் பூக்களும் அவரை எப்படிக் கவர்ந்துவிட்டன என்றால் ஹோமரைவிட மேல் என்று சொல்லவே அவர் தயங்கவில்லை என்று எழுதுகிறார். தகப்பன் மெருகு என்றதை மகன் மேடைப் பூ என்கிறார். இருவர் சுட்டுவதும் ஒரே இடத்தைத்தான்.

இங்கே எனக்கு ஒரு சின்ன மனத்தாங்கல் உண்டு. காலம் தெரிந்தவுடன் தரமும் இறங்கிவிட்டதே, அது நியாயமா? ‘தானே’ அடி 1561இல் எப்படி இருந்ததோ அப்படியேதான் இருக்கிறது.

செய்தி பரவ நாளானது. ஆங்கிலக் கவிஞர் மார்லோ இதே கதையைத் தம் மொழியில் பாடி முடிக்காமல் 1593இல் இறந்தார்; அதில் தெய்விக மூசையோஸ் என்று குறிப்பிட்டிருந்தார். அதை முடித்துவைத்த சாப்மன், 1616இல் மூசையோஸையே நேராக மொழிபெயர்த்து வெளியிட்டபோது, ‘எல்லா நூலுக்கும் முதல் நூல்’ என்று தலைப்பிலேயே போட்டார். ஹோமரை முழுக்க மொழிபெயர்த்த மனிதர். கசோபன் சொல்லியாயிற்று, ஜோசப் ஸ்காலிஜர் சொல்லியாயிற்று. அட்டையில் மட்டும் பாட்டன் பெயர் நின்றது. தமிழில் பேரன் என்பது பெயரன். பாட்டன் பெயரைச் சுமப்பவன். கிரேக்கரும் பேரனுக்குப் பாட்டன் பெயர் வைப்பவர்கள்தான். இந்தப் பெயரன் அந்தச் சுமையால் வாழ்ந்தான் என்பதையும் சொல்ல வேண்டும்: வாத்தியார் மூசையோஸ் என்று தெரிந்திருந்தால் ஆல்டுஸ் இதை வரிசையின் தலையில் வைத்திருப்பாரா?

கதை மட்டும் உண்மையிலேயே பழையது என்பது குழப்பத்துக்கு இன்னொரு காரணம். கி.பி. 17 வாக்கில் இறந்த ரோமானியக் கவிஞர் ஓவிட், லியாண்டரும் ஹேரோவும் எழுதிக்கொள்வதாக இரண்டு கவிதைக் கடிதங்கள் எழுதியிருக்கிறார். வர்ஜில் பெயர் சொல்லாமலே இந்த இளைஞனைக் குறிப்பிடுகிறார். கி.பி. 200ஐ ஒட்டி அபிடோஸ் வெளியிட்ட காசுகளில் நீந்தும் லியாண்டரும் கோபுரத்தில் ஹேரோவும் இருக்கிறார்கள். ஸ்ட்ராபோவின் புவியியல் நூல் ஹேரோவின் கோபுரத்தை ஓர் அடையாளக் குறியாகவே சொல்கிறது. அபிடோஸிலிருந்து வருபவர்கள் நேராகக் கடக்கப் பார்க்கக் கூடாது, எட்டு ஸ்டேடியம் (கிரேக்கர் தூர அளவு) கரையோரமாகப் போய் அங்கிருந்து சாய்வாகக் கடந்தால் நீரோட்டத்தின் முழு வேகத்தில் சிக்காமல் போகலாம் என்று படகோட்டிகளின் சூட்சுமத்தையும் தருகிறது. கவிதையில் இதெல்லாம் இல்லை. வாத்தியாருக்கு விளக்கு போதும்.

நீரோட்டத்தைச் சோதித்துப் பார்த்தவர் ஆங்கிலக் கவிஞர் பைரன். 1810 மே 3ஆம் தேதி, சால்செட் என்ற போர்க்கப்பலின் லெப்டினன்ட் எக்கன்ஹெட்டோடு சேர்ந்து செஸ்டோஸ் பக்கமிருந்து அபிடோஸுக்கு நீந்தினார். 1 மணி 10 நிமிடம் ஆனது. அகலம் ஒரு மைல்கூடப் பெரிதாகத் தேறாது, ஓட்டம் இழுத்துப்போனதில் நாலு மைலுக்கு மேல் நீந்த வேண்டியதாயிற்று. (சால்செட் பம்பாயில் தேக்கில் கட்டிய கப்பல்.) லியாண்டருக்கு உயிர் போயிற்று, எனக்குக் குளிர்காய்ச்சல் வந்தது என்று ஆறு நாள் கழித்து ஒரு கேலிக் கவிதையும் எழுதினார்.

பழைய மூசையோஸுக்கு என்று ஏதாவது மிஞ்சியதா? ஏதென்ஸில் அக்ரோபோலிஸுக்கு எதிரே ஒரு குன்று உண்டு. மூசையோஸ் அங்கே பாடுவார், முதுமையில் இறந்து அங்கேயே புதைக்கப்பட்டார் என்று பவுசானியாஸ் எழுதுகிறார். குன்றுக்கு மூசையோன் என்று பெயர். கல்லறை ஃபாலெரோன் கடற்கரையில் என்று டயோஜெனீஸ் லயெர்டியுஸ் சொல்வது வேறு கதை. பவுசானியாஸ் போவதற்குச் சில பத்தாண்டுகள் முன், 114-116இல், குன்றின் உச்சியில் ஒரு பளிங்கு நினைவுச்சின்னம் எழும்பியிருந்தது. அது யாருடையது என்று பெயர் சொல்லக்கூட அவருக்கு மனம் வரவில்லை; யாரோ ஒரு சிரியாக்காரனுக்குக் கட்டியது என்று எழுதிவிட்டுப் போகிறார். அந்தச் சிரியாக்காரர் ஃபிலோபாப்போஸ். ஏதென்ஸுக்குப் போகிறவர்கள் மாலையில் சூரிய அஸ்தமனம் பார்க்க ஏறும் இடம் அது. வழி கேட்டால் ஃபிலோபாப்போஸ் குன்று என்றுதான் காட்டுவார்கள்.